ஒரே டிரைவர், ஒரு மரப்பெட்டி: வீட்டில் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு இன்ச் டிரைவர் (ஸ்பீக்கருக்குள் கூம்பும் காந்தமுமாக இருந்து சத்தம் எழுப்பும் பாகம்) ஒரு ஜோடி வாங்கிவிட்டு, "அடுத்து என்ன செய்யணும்?" என்று போன் போடும் நண்பர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்கள் இவை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறையைச் சரிசெய்துவிட்டுப் பெட்டிக்குப் போங்கள், பெட்டியை முடித்துவிட்டு டிரைவரைத் தொடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஃபுல் ரேஞ்ச் என்றால் என்ன? எல்லா ஸ்பீக்கரும் எல்லாச் சத்தத்தையும் கொடுக்கத்தானே செய்கிறது?

கடையில் வாங்கும் ஸ்பீக்கருக்குள் வேலையைப் பங்கு போட்டிருப்பார்கள். அடி ஸ்வரத்துக்கு வூஃபர், உச்சத்துக்கு ட்வீட்டர், நடுவில் பிரித்துக் கொடுக்க ஒரு கிராஸ்ஓவர். ஃபுல் ரேஞ்சில் ஒரே கூம்பு எல்லாவற்றையும் பாடும். தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் இருந்ததும் இதே வகைதான்: ஒரு காகிதக் கூம்பு, முதுகு திறந்த ஒரு மரப்பெட்டி.

பெயர் மட்டும் கொஞ்சம் மிகைதான். காது கேட்பது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நல்ல நாலு இன்ச் டிரைவர் சுமார் 80 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 15,000-ஐத் தாண்டும். அடியில் இரண்டு ஆக்டேவ், அதாவது இரண்டு ஸ்தாயி, போய்விடுகிறது.

அப்புறம் ஏன் இந்த வம்பு? சாதாரண இரண்டு டிரைவர் ஸ்பீக்கரில் கிராஸ்ஓவர் பெரும்பாலும் 2,000 – 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் உட்கார்ந்திருக்கும். சொல்லின் தெளிவு இருக்கும் இடமும் அதுதான். ச, ஷ, ஸ பிரிவது, வீணைத் தந்தியில் விரல் பட்டு வரும் சின்ன ஓசை எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். ஃபுல் ரேஞ்சில் அந்த இடத்தில் தையல் கிடையாது. குரல் ஒரே புள்ளியிலிருந்து வருகிறது. அதைக் கேட்டுப் பழகியவர்கள் பாஸ் குறைந்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிடுகிறார்கள். நானும் அந்த ரகம்.

என்னென்ன இழப்பேன்?

சத்தமும், ஆழமும், உட்காரும் இடத்தில் கொஞ்சம் சுதந்திரமும்.

நாலு இன்ச் கூம்பில் காற்றைத் தள்ளும் பரப்பு சுமார் 50 சதுர செமீ. எட்டு இன்ச் வூஃபருக்கு அது 200-க்கு மேல். அதே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே எடுக்க வேண்டுமென்றால் கூம்பு நாலு மடங்கு தூரம் அசைய வேண்டும். இந்தச் சின்ன டிரைவர்களில் பலவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்கூட ஒழுங்காக அசையாது. ஆகவே தவிலையும் பறையையும் நேரில் கேட்கும் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று, உச்ச ஸ்வரம் டார்ச் வெளிச்சம் மாதிரி குவிந்துவிடும். அலைநீளம் கூம்பின் விட்டத்துக்குச் சமமாகும் இடத்திலிருந்து, அதாவது 8 செமீ கூம்புக்குச் சுமார் 4,300 ஹெர்ட்ஸுக்கு மேல், நேர் எதிரே இருப்பவருக்கு மட்டும் விருந்து. சோபாவின் ஓரத்தில் உட்காருபவருக்கு மீதி.

எந்த டிரைவர் வாங்கலாம்?

முதல் பெட்டிக்கு விலை உயர்ந்தது வேண்டாம். பழைய டப்பா டிவியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரில் கை பழகுங்கள், கெட்டாலும் வருத்தமில்லை. அடுத்ததாக மூன்று முதல் ஐந்து இன்ச்சுக்குள், 8 ஓம், அளவுத்தாளோடு வருவதாகப் பாருங்கள். அளவுத்தாள் இல்லாத டிரைவர் ஜாதகம் இல்லாத வரன் மாதிரி. விசாரிக்கலாம், ஆனால் வேலை அதிகம். ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் எஃப்இ103 வரிசை 10 செமீ டிரைவர்களில் பல தலைமுறையாக வருவது. மார்க் ஆடியோவின் உலோகக் கூம்புகள் சுபாவத்தில் வேறு: அடி கொஞ்சம் அதிகம், உணர்திறன் (அதே வாட்டுக்கு வரும் சத்தம்) கொஞ்சம் குறைவு.

சிலவற்றில் நடுவில் இன்னொரு குட்டிக் கூம்பு இருக்கும், அதற்கு விஸ்ஸர் என்று பெயர். பெரிய கூம்பு களைத்துவிடும் உச்ச ஸ்வரத்தை அது எடுத்துக்கொள்ளும். 1930களில் பிரிட்டனில் பால் வாய்ட் கையாண்ட இந்த யோசனையை லௌதர் நிறுவனம் இன்றுவரை விடவில்லை. விஸ்ஸர் உள்ள டிரைவரில் உச்சம் தாராளமாக வரும், கூடவே ஒரு கத்தலும் வரலாம். அதற்கான மருந்து பின்னால் வருகிறது.

அளவுத்தாளில் உள்ள எண்களில் எதைப் பார்க்கணும்?

மூன்றைப் பாருங்கள். எஃப்எஸ் என்பது கூம்பு தானாக அதிரும் சுருதி. க்யூடிஎஸ் என்பது அந்த அதிர்வை டிரைவர் எவ்வளவு சீக்கிரம் அடக்குகிறது என்பதன் அளவு. விஏஎஸ் என்பது கூம்பைச் சட்டத்தில் பிடித்திருக்கும் தொங்கலுக்கு நிகரான ஸ்பிரிங் தன்மை எத்தனை லிட்டர் காற்றில் இருக்கிறது என்பது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் எழுதிய கட்டுரைகளால்தான் இந்த எண்களை வைத்துப் பெட்டியைக் கணக்கிட முடிகிறது. அதற்கு முன்னால் பாதி கணக்கு, பாதி கைப்பக்குவம்.

க்யூடிஎஸ் 0.7-ஐத் தாண்டினால் பெட்டியே இல்லாமல் திறந்த பலகையில் மாட்டலாம். 0.3 முதல் 0.45 வரை போர்ட், அதாவது காற்று போய்வரும் குழாய், வைத்த பெட்டி. 0.25 பக்கம் இருந்தால் பின்பக்க ஹார்ன், அதாவது கூம்பின் முதுகுச் சத்தத்தைப் பெட்டிக்குள் மடித்துப் பெரிதாக்கிக் கொண்டுவரும் வழி. கோயில் திருவிழா கூம்புக் குழாயின் சித்தப்பா அது. மரவேலை மூன்று மடங்கு.

அளவுத்தாள் இல்லையென்றால் நீங்களே அளக்கலாம். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும் போதும். கூம்பின் மேல் தெரிந்த எடையை ஒட்டி, எஃப்எஸ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் முறை. அசையும் எடை 2.5 கிராம் உள்ள கூம்பில் இன்னொரு 2.5 கிராம் ஒட்டினால் 80 ஹெர்ட்ஸ் 57-க்கு வரும். எடைக்கு ஒரு ரூபாய் நாணயம் வைக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. இப்போதைய நாணயம் காந்தத்தில் ஒட்டும் எஃகு. வைத்தவுடன் கூம்பு உள்பக்கம் இழுபட்டுக் கோணலாக நின்றது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணை நகைக்கடைத் தராசில் நிறுத்து ஒட்டுங்கள்.

பெட்டி எத்தனை லிட்டர்?

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். எஃப்எஸ் 80, க்யூடிஎஸ் 0.4, விஏஎஸ் 6 லிட்டர் உள்ள நாலு இன்ச் டிரைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூடிய பெட்டியில் சீரான முடிவுக்கு (பெட்டியோடு சேர்த்துக் கணக்கிட்ட க்யூ 0.7) கிட்டத்தட்ட 2.8 லிட்டர் போதும். ஆனால் 140 ஹெர்ட்ஸிலேயே சரிவு ஆரம்பித்துவிடும். பேச்சுக்கு ஓகே, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போகும்.

அதே டிரைவருக்கு 8 லிட்டர் பெட்டி, 70 ஹெர்ட்ஸில் போர்ட் என்றால் ஒரு முழு ஆக்டேவ் கீழே போகலாம். 18 மிமீ ப்ளைவுட்டில் உள் அளவு அகலம் 16, ஆழம் 22, உயரம் 26 செமீ. பெருக்கினால் 9.1 லிட்டர்; டிரைவர் காந்தம், பைப், உள்ளே கொடுக்கும் குறுக்குச் சட்டம் ஒரு லிட்டரைத் தின்றுவிடும். போர்ட்டுக்கு உள்விட்டம் 4 செமீ உள்ள பிவிசி பைப், நீளம் சுமார் 6.7 செமீ. பத்து செமீ வெட்டி, வெளியே நீட்டிக்கொண்டு கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வாருங்கள். அறுத்த பைப்பை நீட்ட முடியாது என்பதை நான் இரண்டு தடவை கற்றுக்கொண்டேன்.

போர்ட் பெட்டியில் ஒரு ஆபத்து. போர்ட்டின் சுருதிக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் காற்று இருக்காது, அது கட்டவிழ்த்த கன்றாக ஆடும். போனில் ஈக்குவலைசர் இருந்தால் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

மண்பானையில் ஸ்பீக்கர் வைப்பார்களே, அது வேலை செய்யுமா?

டேப் ரிக்கார்டர் காலத்தில் பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பாட்டுப் போட்ட டீக்கடைகளை நான் பார்த்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம், அதில் நியாயம் இருக்கிறது. பானைக்கு எதிரெதிர் சுவர் கிடையாது, ஆகவே உள்ளே ஒரே சுருதி முட்டி மோதி நிற்பது குறைவு. வளைந்த சுவர் என்பதால் தட்டைப் பலகையைவிட விறைப்பு அதிகம். சிக்கல் இரண்டு. வெறும் பானையைத் தட்டினால் கணகணவென்று ஒலிக்கிறதல்லவா, அந்த மணியோசை பாட்டிலும் சேரும். அப்புறம், வாயும் டிரைவரும் சேரும் இடம் காற்றுப் புகாமல் இருக்காது. ப்ளைவுட்டில் ஒரு வளையம் வெட்டி, எம்-சீல் போட்டு வாயில் பொருத்தி, உள்சுவரில் பழைய கம்பளத் துண்டுகளை ஒட்டினால் இரண்டும் அடங்கும். லிட்டரை அளக்கத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதும். மரப்பெட்டியில் இந்த வசதி இல்லை.

ப்ளைவுட்டா, எம்டிஎஃபா?

ப்ளைவுட். எம்டிஎஃப் (மர இழையைப் பசையோடு அழுத்திய பலகை) வெட்டச் சுலபம், ஆனால் கடற்கரை ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும் ஓரம் உப்ப. 18 மிமீ தண்ணீர் தாங்கும் ரகம் வாங்குங்கள். எட்டுக்கு நாலு ஷீட்டில் கால்வாசி இருந்தால் மேலே சொன்ன பெட்டி இரண்டு வந்துவிடும். ஆகவே ஆசாரியின் பட்டறையில் மிச்சத் துண்டு கேட்பதே புத்திசாலித்தனம்.

அவரிடம் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். டிரைவர் துளையின் உள்பக்க விளிம்பை 45 டிகிரி சாய்வாகச் சீவ வேண்டும். சின்ன டிரைவருக்கு 18 மிமீ கனம் ஒரு சுரங்கப்பாதை. கூம்பின் பின்பக்கக் காற்று அதில் திணறுவது குரலில் தெரியும். "உள்ளே யாரு தம்பி பார்க்கப் போறாங்க?" என்று எங்கள் ஆசாரி கேட்டார். சீவியதும் சீவாததுமாக இரண்டு பெட்டியையும் போட்டுக் காட்டினேன். மறுபேச்சுப் பேசாமல் இரண்டாவதையும் சீவிக் கொடுத்தார்.

உள்ளே பஞ்சு எவ்வளவு?

தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சு. மூடிய பெட்டியில் தளர்வாக நிரப்பலாம், பெட்டி கொஞ்சம் பெரிதானது போல நடக்கும். போர்ட் பெட்டியில் பின்சுவர், மேல், ஒரு பக்கம் மட்டும். போர்ட் வாய் திறந்திருக்க வேண்டும். இலவம்பஞ்சு வேலை செய்யும், ஆனால் தூள் டிரைவரின் இடுக்கில் போகும். கண்ணாடி இழை வேண்டாம். போர்ட் வழியாக வீட்டுக்குள் வரும்.

ஒட்டியாகிவிட்டது. காற்றுக் கசிகிறதா என்று எப்படித் தெரியும்?

ஊதுவத்தி. போனில் 70, 80 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமாக ஓடவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஊதுவத்தியை மூலைகள், ஒயர் வரும் துளை, டிரைவர் விளிம்பு என்று மெதுவாக நகர்த்துங்கள். நேராக ஏறும் புகை ஒரு இடத்தில் நடுங்கும். அங்கே ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்து அடையுங்கள். ஒயர் துளையில்தான் முக்கால்வாசிக் கசிவு.

எல்லாம் சரியாகச் செய்தும் தகர டப்பா மாதிரி இருக்கிறதே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். டிரைவரைத் திட்டிவிட்டு வேறொன்று வாங்கக் கிளம்புவதும் இந்த இடத்தில்தான்.

முதலில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் இரண்டு கூம்பும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்றால் பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும்.

அது சரியாக இருந்தால், நோய்க்குப் பெயர் பேஃபிள் ஸ்டெப். உச்ச ஸ்வரத்தின் அலை சின்னது. முன்பலகை அதைச் சுவர் மாதிரி நின்று முன்னால் தள்ளிவிடும். அடி ஸ்வரத்தின் அலை பெரியது. பலகையைச் சுற்றிக்கொண்டு பின்னாலும் போய்விடும். பாதிச் சக்தி உங்களுக்கு வராது. எங்கே இந்த மாற்றம் நடக்கிறது என்பதற்கு எளிய கணக்கு: 115-ஐ முன்பலகையின் அகலத்தால், மீட்டரில், வகுக்க வேண்டும். நம் பெட்டியின் வெளி அகலம் 19.6 செமீ, 115 / 0.196, ஏறக்குறைய 590 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே திறந்தவெளியில் 6 டெசிபல் வரை இழப்பு. ஆண் குரலின் உடம்பு முழுக்க அந்தப் பகுதியில்தான். குரல் மார்பிலிருந்து வராமல் மூக்கிலிருந்து வருவது போல இருப்பது அதனால்.

அடியைத் தூக்க முடியாது, உச்சத்தை இறக்கலாம். 1.5 மில்லி ஹென்றி காயிலும் (கம்பிச் சுருள்) 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டரும் ஒன்றுக்கொன்று பக்கவாட்டாக (பேரலல்). அந்த ஜோடி டிரைவரோடு வரிசையாக (சீரிஸ்). 8 ஓம் டிரைவருக்கு இது சுமார் 4 டெசிபல் இறக்கும். வீட்டில் பின்சுவர் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பதால் முழு 6 தேவைப்படுவது அபூர்வம். ரெசிஸ்டரை 3.3 ஓம் ஆக்கினால் 3 டெசிபல். இரண்டையும் முதலைக் கிளிப்பில் மாட்டி ஒரு வாரம் கேட்டுவிட்டுப் பற்றவையுங்கள். செலவு செய்ய மனமில்லையென்றால் ஈக்குவலைசரில் 600 ஹெர்ட்ஸுக்கு மேலே அதே அளவு இறக்கிப் பாருங்கள். விலை உண்டு: ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 89 டெசிபல் தந்த டிரைவர் 85 ஆகிவிடும்.

"ஒற்றை டிரைவர் என்றால் வழியில் எதுவும் இருக்கக் கூடாது" என்று ஒரு மடம் இருக்கிறது. அந்த மடத்துக்காரர்கள் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொள்ளட்டும். அதுவும் செல்லுபடியாகும் வைத்தியமே.

பெண் குரல் உச்சத்தில் காதைக் குத்துகிறது. என்ன செய்யலாம்?

காசில்லாத வைத்தியம்: ஸ்பீக்கரை உங்கள் காதை நோக்கித் திருப்பாமல் நேராகப் பார்க்க வையுங்கள். 15, 20 டிகிரி விலகினாலே குத்தல் குறையும். அதற்கும் அடங்காமல், அளந்து பார்க்கும்போது 3,500 பக்கத்தில் ஒரு மேடு தெரிந்தால், 0.3 மில்லி ஹென்றி காயில், 6.8 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், 4 ஓம் ரெசிஸ்டர் மூன்றையும் பக்கவாட்டாகச் சேர்த்து டிரைவருக்கு வரிசையில் போடுங்கள். அந்த இடத்தில் மட்டும் மூன்றரை டெசிபல் போல இறங்கும். மேடு எங்கே என்று அளக்காமல் இதைச் செய்வது கண்ணை மூடிக்கொண்டு முடி வெட்டுவது.

டிரைவரையே மாற்றியமைக்கலாமா? தூசி மூடியை வெட்டுவது, கூம்பில் ஏதோ பூசுவது என்றெல்லாம் சொல்கிறார்களே?

திரும்ப எடுக்க முடிகிற வேலைகளை முதலில் செய்யுங்கள். தகரச் சட்டத்தின் கால்களில் தார்ப்பட்டை ஒட்டுவது, காந்தத்தின் பின்னால் ஃபெல்ட் துண்டு வைப்பது. இரண்டும் மலிவான டிரைவரில் காதுக்குத் தெரியும். கேஸ்கெட்டுக்கு அடியில் மெல்லிய நுரை நாடா போடுவதும் அப்படியே.

கூம்பில் தண்ணீர் கலந்த பசை பூசுவது திரும்பி வராத பாதை. எடை கூடும், எஃப்எஸ் இறங்கும், சத்தம் குறையும், கத்தலும் குறையலாம். இரண்டு டிரைவரிலும் ஒரே அளவு பூசுவது கையால் ஆகாத காரியம். தூசி மூடியை வெட்டி அங்கே ஃபேஸ் பிளக் என்ற அசையாத குமிழை வைப்பது அழகு, ஆனால் வாய்ஸ் காயில் இடுக்கு திறந்துவிடும். ஒரு இரும்புத் துகள் போனால் கரகரப்பு நிரந்தரம்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். திருப்புளியைக் காந்தம் இழுக்கும் என்பது தெரியும். தெரிந்தும் ஒரு நொடி பிடி தளர்ந்தது. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். கூம்பில் அரை செமீ ஓட்டை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு டிஷ்யூ பேப்பரின் ஒரு அடுக்கைப் பிரித்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, முன்னும் பின்னும் ஒட்டினேன். ஆறு வருடமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து டிரைவர் முகத்தை ஒரு அட்டையால் மூடாமல் திருப்புளியை எடுப்பதில்லை.

நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் திறக்கும் என்கிறார்களே?

தொங்கல் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் தளரும், எஃப்எஸ் சற்று இறங்கும். மிச்சத் தொண்ணூறு மணி நேரம் பழகுவது உங்கள் காது.

ஆம்ப்ளிஃபயர்?

டிபிஏ3116 சிப் உள்ள சின்னப் போர்டு, ஒரு நல்ல 12 வோல்ட் அடாப்டர். 8 ஓமில் ஏழெட்டு வாட் வரும். இந்த டிரைவர்களுக்கு அதுவே போதும்; கூம்பின் அசைவு முதலில் தீரும், வாட் அப்புறம்தான் தீரும்.

எங்கே வைப்பது?

டிரைவர் உங்கள் காது உயரத்தில். பின்சுவரிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி. நம் வீடுகளில் சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை. கைதட்டினால் கணீரென்று திரும்பி வரும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஒரு கெட்டியான ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரை, பின்னால் துணி அடுக்கிய திறந்த அலமாரி. ஆயிரம் ரூபாய்க் கெபாசிட்டர் தராத மாற்றம் இந்த ஜமக்காளத்தில் வரும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் 57, 47 ஹெர்ட்ஸ் பக்கங்களில் அறையே சேர்ந்து பாடும். நீங்கள் உட்காரும் நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டடி நகர்த்திப் பாருங்கள்.

சப்வூஃபர் சேர்த்தால் குற்றமா?

இல்லை. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப், மேலே ஃபுல் ரேஞ்ச் என்று ஆம்ப்புக்கு முன்னாலேயே பிரித்தால் சின்னக் கூம்புக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். குரல் இருக்கும் இடத்தில் தையல் விழவில்லை, அதுதானே வேண்டும்.

போர்ட்டுக்குள்ளிருந்து ராத்திரியில் சரசரவென்று சத்தம் வருகிறது. எந்தப் பாகம் கழன்றிருக்கும்?

எந்தப் பாகமும் கழலவில்லை. பல்லி. போர்ட்டின் உள்வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் அது வெளியே போய்விட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளவும்.